முதலில் காற்றை இறக்குங்கள்

உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில், செம்மணலில் கால் புதையப் புதைய நடந்து வளர்ந்தவன் நான். மணலைப் பற்றி எனக்கா தெரியாது என்ற நினைப்பில்தான் கலிஃபோர்னியாவின் பிளசன்டனிலிருந்து பிக்அப் டிரக்கை எடுத்துக்கொண்டு ஓசியானோ மணல்மேடுகளுக்குக் கிளம்பினேன். தெற்கே நான்கு மணி நேரப் பயணம். மணலில் வண்டி ஓட்ட கலிஃபோர்னியா மாநிலப் பூங்காத் துறை அனுமதிக்கும் இடம் அது. 2020 முதல் சவுதி அரேபியாவில் நடக்கும் டக்கார் பந்தயத்தில் லாரிகள் மணல்மலை ஏறுவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை.

பத்தே நிமிடத்தில் வண்டி நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் கிணறு வெட்டியது. “ஏங்க, மிதிக்காதீங்க, இறங்கிப் பாருங்க” என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. அச்சு வரை மணலில் உட்கார்ந்த பிறகு, பக்கத்தில் வந்து நின்ற பெரியவர் ஒருவர் கேட்டது ஒரே கேள்விதான்: “டயரில் எத்தனை பிஎஸ்ஐ?” 35 என்றேன். சிரித்துக்கொண்டே மண்வெட்டியை நீட்டினார்.

அன்று கற்றதும், அடுத்தடுத்த பயணங்களில் பட்டுத் தெரிந்துகொண்டதும்:

காற்று: தேரியில் குதிகாலை ஊன்றினால் புதையும், பாதத்தைப் பரப்பி வைத்தால் தாங்கும். டயருக்கும் அதே கணக்குதான். நான் 18 வரை இறக்குகிறேன். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளலாம். டக்கார் லாரிகளில் இருக்கையில் இருந்தபடியே காற்றை ஏற்றி இறக்கும் வசதி உண்டு. நமக்கு முட்டிபோட்டு உட்காருவதுதான் வழி.

கால்: சக்கரம் வெறுமனே சுழன்றால் உடனே காலை எடுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மணலை அள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். நிறுத்தும்போதும் பிரேக்கை அழுத்தாதீர்கள்; டயருக்கு முன்னால் மணல் குவிந்து வண்டி மாட்டிக்கொள்ளும். இறக்கத்தைப் பார்த்தபடி, தானாக உருண்டு நிற்கட்டும்.

கண்: காற்று வீசும் பக்கம் சரிவாக இருக்கும் மேடு, மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். முகட்டுக்கு முன்பே நிறுத்தி, நடந்து போய் எட்டிப் பாருங்கள். உச்சி வெயிலில் நிழல் இல்லாததால் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். காலையும் மாலையும்தான் நல்ல நேரம். சரிவில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள். குறுக்கே போனால் வண்டி உருண்டுவிடும்.

திரும்பும்போது: காற்றை ஏற்றாமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள், டயர் சூடேறி வெடிக்கும். கலிஃபோர்னியாவில் பெட்ரோல் போடுகிறவர்களுக்கு பங்க்கில் காற்றும் தண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். தயங்காமல் கேளுங்கள்.

டக்கார் லாரிக்குள் ஓட்டுநர், வழிகாட்டி, மெக்கானிக் என்று மூன்று பேர் இருப்பார்கள். எங்கள் வண்டியில் இரண்டு பேர்தான். மணல் தொடங்கும் இடத்தில் இப்போதெல்லாம் டயர் காற்றை அளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு முதலில் இறங்குவது மனைவிதான். அவள் நான்கு டயரையும் பார்த்துவிட்டுத் தலையாட்டும் வரை நான் கியரைத் தொடுவதில்லை.