சுவரில் கறுப்பு, பிள்ளைக்கு இருமல்

கேள்வி: மழைக்காலம் வந்தாலே படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்கிறது. மகனுக்கு இரவெல்லாம் இருமல். பெயின்ட் அடித்தால் சரியாகுமா?
– வாசகி, கடலூர்

பதில்: ஆகாது. பெயின்ட்டுக்கு அடியிலும் பூஞ்சை வளரும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: மொட்டைமாடி விரிசலா, பின்பக்கக் குளியலறைக் குழாய்க் கசிவா? அதை அடைக்காமல் செய்வதெல்லாம் தண்டச்செலவு. பிறகு முகக்கவசம், கையுறை அணிந்து சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறையெங்கும் பறக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலக்கவே கூடாது (நம் வீடுகளில் இந்த வீரசாகசம் சகஜம்). குளோரின் வாயு கிளம்பும். அறைக்குள் துணி காயப்போடாதீர்கள். பூஞ்சை ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. எனவே சுவர் காயட்டும் என்று காத்திராமல் மகனை மருத்துவரிடம் காட்டுங்கள். சுவர் காயும்வரை அவன் வேறு அறையில் படுக்கட்டும்.