வலக்காலா, இடக்காலா? – புல்லட்டின் கியர் லீவர் பற்றி ஒரு பாடம்

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்த நம் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஊர் வீட்டில் ஒரு பழைய புல்லட் இருக்கும். அப்பா ஓட்டியது, அல்லது பெரியப்பா ஓட்டியது. பிள்ளைக்கு இங்கே வேலை கிடைத்ததும் அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பிள்ளையோ ஓட்டப் பழகியது இன்றைய வண்டியில். அதில் கியர் இடக்காலில், பிரேக் வலக்காலில். பழைய புல்லட்டில் இது அப்படியே தலைகீழ். ஆகவே முதல் வாரத்திலேயே, "புது மாடலின் கியர் லீவரைக் கழற்றி இதில் மாட்டிவிடலாமா?" என்ற கேள்வி எழுகிறது. பட்டறையில் கிடைக்கும் விடை பெரும்பாலும் "போட்டுடலாம் சார்" என்பதே. அந்த விடைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று பார்ப்போம்.

கியரைப் பல்லிணை என்றும், லீவரை நெம்புகோல் என்றும் அழகாகச் சொல்லலாம். ஆனால் ஜே.சி. ரோட்டுக் கடையில் நெம்புகோல் கேட்டால் கடப்பாறை எடுத்துத் தருவார்கள். எனவே கடையில் வழங்கும் சொற்களையே இங்கு கையாள்கிறேன்.

முதலில், அந்த லீவர் ஏன் வலப்பக்கம் வந்தது? புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் பிறந்த வண்டி. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். அக்காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் கியர் வலக்காலில்தான். ஜப்பானிய வண்டிகள் இடக்காலை எடுத்துக்கொண்டன. 1970-களின் நடுவில் அமெரிக்கா, தன் நாட்டில் விற்கும் மோட்டார் சைக்கிள்களில் கியர் இடப்பக்கமே இருக்க வேண்டும் என்று விதித்தது. டிரையம்ஃப், நார்ட்டன் போன்ற பழம்பெரும் நிறுவனங்களும் 1975-ஐ ஒட்டித் தம் லீவரைப் பக்கம் மாற்ற வேண்டியதாயிற்று. உள்நாட்டுச் சந்தையை நம்பியிருந்த நம் புல்லட்டுக்கு அந்த அவசரம் இல்லை. நான்கு கியர் கொண்ட பழைய ஆல்பியன் வகைப் பெட்டியும் வலப்பக்க லீவருமாகவே அது பல்லாண்டுகள் ஓடியது. 2000-க்குப் பிறகு ஐந்து கியர் பெட்டி வந்தபோதுதான் லீவர் இடப்பக்கம் போயிற்று.

பக்கம் மட்டுமன்று, திசையும் வேறு. பழைய புல்லட்டில் முதல் கியருக்கு லீவரை மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். இன்றைய வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஓசூர் ரோட்டில் முன்னால் ஒரு பேருந்து திடீரென்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது வண்டியில் பழகியவரின் வலக்கால் தன்னையறியாமல் கீழே அழுத்தும். பழைய புல்லட்டில் அந்த இடத்தில் இருப்பது பிரேக் அன்று, கியர். அழுத்தினால் வண்டி அடுத்த மேல் கியருக்குத் தாவப் பார்க்கும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். "அடடா, இடக்கால் அல்லவா!" என்று நினைவு வர அரை நொடி ஆனாலும் ஐந்தரை மீட்டர் போய்விட்டது. ஆகவே பிள்ளைகள் லீவரை மாற்றக் கேட்பதை வெறும் ஃபேஷன் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். கியர் பெட்டியிலிருந்து ஒரு சாஃப்ட் வெளியே நீண்டிருக்கும். அதன் நுனியில் சுற்றிலும் நுண்ணிய பற்கள். லீவரின் கண்ணிலும் அதே போன்ற பற்கள். இரண்டையும் கோர்த்து ஒரு போல்ட்டால் இறுக்கினால் லீவர் நின்றுவிடும். வேறு மாடலின் லீவர் பொருந்த வேண்டுமானால் சாஃப்ட்டின் குறுக்களவும் பற்களின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும். தட்டினால் உள்ளேயும் போகும். ஆனால் பற்களின் நுனி மட்டுமே பிடித்திருக்கும். சில நூறு கிலோமீட்டரில் சாஃப்ட்டின் பற்கள் மழுங்கி லீவர் வெறுமனே சுழலும். அப்போது சில பட்டறைகளில் லீவரைச் சாஃப்ட்டோடு வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். இதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வெல்டிங் வைத்த லீவரை வெட்டி எடுக்காமல் கியர் பெட்டியின் வெளி மூடியைத் திறக்க முடியாது. பத்து நிமிட லீவர் வேலை பெட்டியையே பிரிக்கும் வேலையாகிவிடும்.

பெயர் ஒன்றாக இருப்பதாலும் ஏமாறக் கூடாது. 2009-இல் வந்த கிளாசிக்கும் புல்லட் குடும்பம்தான். ஆனால் அதில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. அதன் லீவருக்குப் பழைய புல்லட்டின் இடப்பக்கத்தில் மாட்டிக்கொள்ளச் சாஃப்ட்டே கிடையாது. நம் அண்டை ஊரான மைசூரில் 1960-களின் தொடக்கம் முதல் 1996 வரை ஐடியல் ஜாவா செய்த வண்டிகள் இன்னொரு பாடம். அவற்றில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றே. இடப்பக்கமிருக்கும் அந்த ஒற்றை லீவரைத் திருப்பி நிறுத்தினால் அதுவே கிக்கர். உதைக்கும் வலுவையும் தாங்க வேண்டியதாதலால், ஒட்டுப்போட்ட லீவர் அங்கே காலுக்கே ஆபத்து. 2018-இல் ஜாவா என்ற பெயர் மீண்டும் வந்தது. அதில் ஆறு கியரும் வழக்கமான லீவரும். பழைய ஜாவாவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை.

அப்படியானால் பழைய புல்லட்டில் பக்கம் மாற்றுவது எப்படி? வலப்பக்கச் சாஃப்ட்டிலிருந்து ஒரு சிறு கை, அதிலிருந்து ஓர் இணைப்புக் கம்பி, அக்கம்பி திருப்பும் ஒரு குறுக்குத் தண்டு, தண்டின் இடமுனையில் புது லீவர். கைகள் நிற்கும் திசையைப் பொறுத்து, மேலே தூக்கியது மேலேயே இருக்கலாம், அல்லது கீழாக மாறலாம். பட்டறையில் இதைக் கேட்டுத் தெளிவு பெறாமல் வேலை கொடுக்காதீர்கள். இடப்பக்கம் வந்த லீவர் முதல் கியருக்கு மேலேயே போகுமானால் குழப்பம் பாதிதான் தீர்ந்தது.

ஒவ்வொரு மூட்டிலும் ஆட்டம் உண்டு என்பது அடுத்த சங்கதி. மூன்று மூட்டுகளில் அரை மில்லிமீட்டர் வீதம் ஆட்டம் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் கை 3 செ.மீ., காலுக்கு வரும் லீவர் 15 செ.மீ. என்றால், அந்த ஒன்றரை ஐந்து மடங்காகி, பாதத்தில் ஏழரை மில்லிமீட்டர் ஆகிவிடும். கியர் விழுந்ததா இல்லையா என்பதே காலுக்குத் தெரியாது.

கியர் இடப்பக்கம் வந்தால் பிரேக் வலப்பக்கம் போயாக வேண்டும். பழைய புல்லட்டில் பின்சக்கரத்தின் சங்கிலியும் பிரேக் டிரம்மும் இடப்பக்கம் இருக்கின்றன. எனவே அதற்கும் ஒரு குறுக்குத் தண்டு தேவை. என் கருத்தில் முழு வேலையிலும் மிகக் கவனமாகச் செய்ய வேண்டியது இதுதான். கியர் விழாவிட்டால் வண்டி ஓரமாக நிற்கும். பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் இன்னொருவர் காலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் வலக்காலில் கியர் போட்ட அப்பா, பொங்கலுக்கு வந்தவர், "காய்கறி வாங்கி வருகிறேன்" என்று சாவியை எடுத்தால்? வண்டியை மாற்றியாயிற்று, அவர் கால் மாறவில்லை. ஒரே வண்டியை இரு தலைமுறையும் ஓட்டும் வீட்டில் இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிள்ளையே காலி மைதானத்தில் சில ஞாயிறு காலைகளில் பழகட்டும். முன் பிரேக் இரு வகையிலும் வலக்கையில்தான். முதலில் கை, பிறகு கால் என்று பழகியவருக்குப் பாதி அச்சம் தீரும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த லீவருக்குப் பதில் அதே மாடலின் லீவரைப் போடுவது பழுதுபார்த்தல். கியரையும் பிரேக்கையும் பக்கம் மாற்றுவதை அப்படிச் சொல்லித் தப்ப முடியுமா என்பது ஐயமே. முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்பது நல்லது. கால் ஊனமுற்றவருக்காக வண்டியை மாற்றியமைக்கச் சட்டமே வழி தந்திருக்கிறது. நமக்கு இது கூடுதல் கவலை. தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டி கர்நாடகத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் இங்கு மறுபதிவு செய்ய வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது சோதனையும் உண்டு.

அதே மாடலின் லீவரைத்தான் மாற்றுகிறீர்கள் என்றால், பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று பற்களை ஒப்பிட்டு வாங்குங்கள். கழற்றுமுன் சாஃப்ட்டிலும் லீவரிலும் ஒரே நேர்கோட்டில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் பாதம் எட்டாது. மாட்டியபின் எஞ்சினை அணைத்தபடியே சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நான்கு கியரும் நியூட்ரலும் விழுகின்றனவா என்று பாருங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் அந்தப் போல்ட்டை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.