இருட்டுக் கொட்டகையில் விமானப் படம்

"தம்பி, பிள்ளைகளோடு பெங்களூர் போய் விமானம் எல்லாம் பார்த்து வந்தோம். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தா, உள்ளே எடுத்த படம் எல்லாம் கலங்கிக் கிடக்குது. போன் கெட்டுப் போச்சா?"

"இல்லை அக்கா. போன் நல்லாத்தான் இருக்கு. உள்ளே வெளிச்சம் கம்மி. கை கொஞ்சம் ஆடியிருக்கும்."

பலருக்கும் வரும் கேள்வி இது. செலவு செய்து, ஒரு நாள் கூலியை விட்டு, குடும்பத்தோடு போகிறோம். இன்னொரு முறை போக முடியுமா, தெரியாது. அங்கே எடுக்கும் படம் தெளிவாக இருக்க வேண்டாமா? அதற்கு வழி உண்டு. வாருங்கள், தெரிந்து கொள்வோம்.

பழைய விமானங்கள் எங்கே?

நம் தங்கவயல் குடியிருப்புகளில் இருந்து பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர். அங்கே எச்.ஏ.எல். என்னும் விமானத் தொழிற்சாலை உள்ளது. 1940-ல் தொடங்கியது. இந்தத் தொழிற்சாலை 2001-ல் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. அது பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிறது. சில விமானங்கள் அங்கே திறந்த வெளியில் நிற்கின்றன. எஞ்சின்கள், மாதிரிகள், பழைய படங்கள் கட்டடத்துக்குள் உள்ளன.

அங்கே மாருத் என்ற போர் விமானத்தைப் பார்க்கலாம். அது பெங்களூரில் செய்த விமானம். 1961-ல் முதலில் பறந்தது. 1971 போரில் பங்கு கொண்டது.

டெல்லியில் பாலம் என்ற இடத்தில் விமானப் படையின் அருங்காட்சியகம் உள்ளது. அது 1967-ல் ஏற்பட்டது. அங்கே ஒரு பெரிய கொட்டகைக்குள் பழைய விமானங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாபிட்டி, ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் என்று பல வகை. நம் விமானப் படை 1932-ல் பிறந்தது. அதன் முதல் விமானங்கள் வாபிட்டி விமானங்கள்தான்.

உள்ளே ஏன் வெளிச்சம் குறைவு?

கொட்டகை பெரியது. கூரை உயரமானது. விளக்குகள் மேலே தூரத்தில் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. வாபிட்டியின் இறக்கைகள் துணியால் மூடியவை. வெயிலில் காயும் சேலை சாயம் போவது போல, அதிக வெளிச்சத்தில் துணியும் காகிதமும் நாளடைவில் கெடும். எனவே பல அருங்காட்சியகங்களில் வெளிச்சத்தை அளவாக வைப்பார்கள்.

கண்ணும் கேமராவும்

இருட்டைப் பற்றி நம் ஊர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயிலில் நின்றவர் சுரங்கத்துக்குள் இறங்கினால் முதலில் ஒன்றும் தெரியாது. சற்று நேரம் போனால் கண் பழகும். பிறகு பாறையும் தெரியும், பாதையும் தெரியும்.

கேமராவும் அப்படித்தான். அதற்கும் நேரம் வேண்டும். நல்ல வெயிலில் ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால், அதில் ஒரு பங்கு நேரமே அதற்குப் போதும். இருட்டில் அது நெடுநேரம் கண்ணைத் திறந்து வைக்கிறது. ஒரு நொடியை 15 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம் ஆகலாம். இன்னும் கூட ஆகலாம். அந்த நேரத்தில் கை ஆடினால் படம் கலங்கும்.

குடத்தைக் குழாயடியில் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வேகமாக வந்தால் குடம் சட்டென்று நிரம்பும். சொட்டுச் சொட்டாக வந்தால் பொறுமையாகப் பிடிக்க வேண்டும். குடத்தை ஆட்டினால் தண்ணீர் சிந்தும். வெளிச்சமும் அதே போலத்தான்.

என்ன செய்ய வேண்டும்?

1. வாசலில் கேளுங்கள். படம் எடுக்கலாமா? தனிக் கட்டணம் உண்டா? எந்த இடத்தில் எடுக்கக் கூடாது? கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

2. போனின் கேமராக் கண்ணாடியைத் துடையுங்கள். கை எண்ணெயும் வியர்வையும் அதில் படிந்திருக்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

3. ஃபிளாஷ் வேண்டாம். அதன் வெளிச்சம் தூரம் போகாது. தூரம் 2 மடங்கானால் வெளிச்சம் 4-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஹரிக்கேன் விமானத்தின் இறக்கை ஒரு நுனி முதல் மறு நுனி வரை சுமார் 12 மீட்டர். ஃபிளாஷ் போட்டால் பக்கத்து நுனி வெளுக்கும். மற்ற பகுதி கறுக்கும். தகரத்திலும் கண்ணாடியிலும் பட்டுப் பளிச்சென்று திரும்பியும் அடிக்கும்.

4. போனை இரண்டு கையாலும் பிடியுங்கள். முழங்கைகளை விலாவோடு சேர்த்து வையுங்கள். தூணோ சுவரோ இருந்தால் சாய்ந்து கொள்ளுங்கள். மூச்சை மெதுவாக விட்டு, பிறகு பொத்தானைத் தொடுங்கள்.

5. பல போன்களில் இரவுப் படத்துக்கு என்று ஒரு வசதி உண்டு. பிறைச் சந்திரன் படம் போட்டிருக்கும். அதைத் தொட்டால் போன் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். இதற்குச் சில நொடிகள் ஆகும். அது முடியும் வரை அசையாதீர்கள்.

6. சன்னலுக்கோ திறந்த கதவுக்கோ எதிரே நின்று எடுக்காதீர்கள். விமானம் கரிக்கட்டை போல் தெரியும். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். நகர இடம் இல்லையா? திரையில் விமானம் தெரியும் இடத்தில் விரலால் தொடுங்கள். அந்த இடம் வெளிச்சமாகும்.

7. திரையில் விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். படம் புள்ளி புள்ளியாக வரும். கயிற்றைத் தாண்டாமல், எவ்வளவு பக்கம் போக முடியுமோ அவ்வளவு போய் எடுங்கள்.

8. முழு விமானமும் ஒரே படத்தில் அடங்காது. மூக்குப் பக்கம் ஒரு மூலையில் நின்று சாய்வாக எடுத்தால் நீளம் தெரியும். பிறகு சக்கரம், விசிறி, விமானி உட்காரும் இடம் என்று தனித்தனியாக எடுங்கள்.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு மூன்று முறை எடுங்கள். ஒன்றாவது தெளிவாக அமையும்.

பெயர்ப் பலகையை மறக்காதீர்கள்

விமானத்தின் முன்னால் ஒரு பலகை இருக்கும். பெயர், ஆண்டு, செய்த இடம் எல்லாம் அதில் இருக்கும். விமானத்தை எடுத்ததும் பலகையையும் எடுங்கள். வீட்டில் நிதானமாகப் படிக்கலாம். பலகை தமிழில் இல்லாவிட்டால் படிக்கும் பிள்ளைகளிடம் காட்டலாம். பெயர் தெரியாத படத்தைப் பத்து வருடம் கழித்து யார் புரிந்து கொள்வார்?

நம் வீட்டிலும் உதவும்

எச்.ஏ.எல். அருங்காட்சியகம் திறந்த அதே 2001-ல், பிப்ரவரி 28-ஆம் தேதி, நம் தங்கச் சுரங்கம் மூடியது. விமானம் செய்தவர்களின் உழைப்புக்குச் சாட்சியாக அங்கே விமானங்கள் நிற்கின்றன. நம் அப்பாவும் தாத்தாவும் பூமிக்கு அடியில் உழைத்தார்கள். அந்த இருட்டில் அவர்கள் வேலை செய்த படம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

ஆனால் பெட்டிக்குள் ஏதாவது இருக்கும். பழைய விளக்கு, தலைக்கவசம், வேலைச் சான்றிதழ். நம் வீட்டு அறையும் வெளிச்சம் குறைந்ததுதான். மேலே சொன்ன வழியிலேயே அவற்றையும் படம் எடுக்கலாம். கூடவே ஒரு தாளில் எழுதுங்கள். யாருடையது? எந்தச் சுரங்கம்? எந்த ஆண்டு? அந்தத் தாளையும் சேர்த்துப் படம் எடுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். அந்த விளக்குக்கு நீங்களே பெயர்ப் பலகை எழுதலாம்.

பயிற்சி

1. இருட்டில் படம் ஏன் கலங்குகிறது?
2. பெரிய விமானத்துக்கு ஃபிளாஷ் ஏன் உதவாது?
3. மாருத் விமானம் எந்த ஆண்டு முதலில் பறந்தது?
4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பழைய பொருளுக்கு மூன்று வரியில் பெயர்ப் பலகை எழுதுங்கள்.