புதிய லொறிச் சாரதிமாருக்கு: உடையும் நடத்தையும்



இம்முறை எங்கள் பாடம் லொறி ஓட்டப் போகும் பிள்ளைகளுக்கானது. அவர்களை வேலைக்கு அனுப்பும் தாய் தகப்பனுக்கும், அவர்கள் ஓட்டும் லொறியில் ஏறிப் போகும் அக்காமாருக்கும் சேர்த்தே எழுதுகிறோம். அப்பா கவ்வாத்து வெட்டிய தோட்டத்தில் மகன் ஸ்டியரிங் பிடிக்கிறான் என்றால் அது அந்த லயத்துக்கே சந்தோஷமான விஷயம். ஆனால் லைசன் எடுத்துவிட்டால் சாரதி ஆகிவிட்டோம் என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பரீட்சையில் லொறியை ஓட்டத் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள். எப்படி உடுத்துவது, யாரிடம் எப்படிப் பேசுவது, எங்கே லொறியை நிறுத்தக்கூடாது என்பதை அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் உடுப்பைப் பார்ப்போம். சாரத்தோடு லொறி ஓட்டிய பழைய சாரதிமாரை எங்களுக்கும் தெரியும். அவர்கள் கைதேர்ந்தவர்கள்தான், மறுக்கவில்லை. என்றாலும் சாரத்தின் தொங்கல் கியர் லீவரில் மாட்டும், காலில் சுற்றும். அவசரத்துக்குப் பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கும்போது துணி தடுத்தால் அந்த ஒரு நொடிக்கு யார் பொறுப்பு? அதனால் காற்சட்டைதான் சரி. காக்கி என்றால் எண்ணெய் அழுக்கும் தாங்கும். செருப்பு அதைவிட ஆபத்து. மலையில் வருஷத்தில் பாதி நாள் மழை. நனைந்த செருப்பு பெடலில் வழுக்கும். கழன்று விழுந்தால் பிரேக் பெடலுக்குக் கீழே போய்ச் சிக்கும். குதி பிடிக்கும் சப்பாத்து ஒரு சோடி வாங்குங்கள். முதல் சம்பளத்தில் போன் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மோதிரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்பலகையைத் திறந்து மூடும்போது மோதிரம் கொக்கியில் மாட்டி விரல் போனவர்கள் உண்டு. கலியாண மோதிரமாக இருந்தாலும் வேலை நேரத்தில் கழற்றி வைப்பது நல்லது. கோயில் நூல் கட்டியிருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும். தலைமயிர், தாடி எல்லாம் அவரவர் விருப்பம். சுத்தமாக இருந்தால் போதும் என்பதற்கு மேல் நாங்கள் சொல்ல மாட்டோம். சினிமாக்காரர் மாதிரித் தலை வெட்டியவன் லொறியை ஒழுங்காக ஓட்டினால் அவன் நல்ல சாரதிதான்.

அடுத்தது வாய். வெற்றிலை போட்டுக்கொண்டு ஜன்னல் வழியே துப்பும் பழக்கத்தை விடவே வேண்டும். றோட்டோரத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் வெள்ளைச் சட்டை என்ன பாவம் செய்தது? சாராயத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் சொல்ல வருவது, பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி. ராத்திரி வெகுநேரம் குடித்தது காலையில் பிரட்டுக்கு வரும்போதும் இரத்தத்தில் இருக்கக்கூடும். அதை உடம்பு தன் வேகத்தில்தான் எரிக்கும். தேசிக்காய்த் தண்ணி, கறுப்புத் தேத்தண்ணி, பச்சைத் தண்ணிக் குளிப்பு எல்லாம் தூக்கத்தைத்தான் கலைக்கும், வெறியை இறக்காது. "நேற்றுக் குடித்தது, இன்றைக்கு இல்லை" என்ற பேச்சு பொலிஸாரின் பரிசோதனையில் நிற்காது.

கொழுந்து லொறியில் ஆட்கள் ஏறும் விஷயத்துக்கு வருவோம். மலையிலிருந்து மடுவத்துக்கோ ஸ்டோருக்கோ போகும் லொறியில் பெண்கள் ஏறிக்கொள்வது பல தோட்டங்களில் நடக்கிறது. சாமான் ஏற்றும் லொறி ஆள் ஏற்றுவதற்கு உரியது அல்ல. பாதுகாப்பான வாகனம் கேட்பது தொழிலாளியின் உரிமை, அதைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. புதிய சாரதி இதில் செய்ய வேண்டியது என்ன? "ஏற்ற முடியாது" என்று சொல்லும் தைரியம் வேண்டும். சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் எங்களுக்கு விளங்காமல் இல்லை. அப்படி நெருக்கினால் தலைவரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ அன்றைக்கே வந்து சொல்லுங்கள். லொறி கவிழ்ந்த பிறகு, ஏற்றச் சொன்னவர் யார் என்று தேடினால் ஒருவரும் இருக்க மாட்டார். ஓட்டியவர் பெயர் மட்டும்தான் எழுதப்படும்.

கொழுந்துப் பைகள் மேல் ஆள் உட்கார்ந்தால் கொழுந்தும் பழுதாகும். நசுங்கிய கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும், ஸ்டோரில் தரம் குறையும். நாள் முழுக்க அக்காமார் பறித்ததை அரை மணி நேரப் பயணத்தில் கெடுப்பது நியாயமா?

பெண்கள் முன்னால் நடந்துகொள்ளும் முறையும் இருக்கிறது. கண்ணாடியை றோட்டைப் பார்க்கத் திருப்ப வேண்டுமே தவிர, நிரையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்க அல்ல. பாட்டை அலறவிட்டு, ஹொர்ன் அடித்துக் கூப்பிடுவது விளையாட்டு என்று ஓட்டுகிறவன் நினைப்பான். கொழுந்துக் கூடையோடு வளைவில் ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு அது விளையாட்டாகத் தெரியாது. அவள் வீட்டில் போய்ச் சொல்லவும் கூச்சப்படுவாள். இந்த விஷயத்தில் ஒரு முறைப்பாடு வந்தாலும் நாங்கள் சாரதியின் பக்கம் பேசப் போவதில்லை.

2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் 15 பேர் இறந்தார்கள். அந்த விபத்துகளின் காரணத்தைப் பற்றி நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மலை வீதி எப்படிப்பட்டது என்று நினைவுபடுத்துகிறோம், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறப் போடும் கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது கெட்டித்தனம் அல்ல.

இனி, தோட்டத்தை விட்டு வெளியே போகும் பிள்ளைகளுக்கு. மரக்கறி லொறி ஓட்டுகிறவர்கள் கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் வரை போகிறார்கள். கண்டியிலிருந்து ஏ9 வீதியில் மட்டும் சுமார் 320 கிலோமீற்றர். யுத்த காலத்தில் ஆண்டுக்கணக்காக மூடிக் கிடந்த வீதி அது. சிலர் அங்கேயும் நிற்காமல் தீவுப்பகுதிக்குப் போகிறார்கள். பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை வழியாகப் போனால் கடலுக்கு நடுவே ஒரு தாம்போதி. அதைக் கடந்து புங்குடுதீவில் ஏறியதும் வருவதுதான் மடத்துவெளி. அப்படியே போனால் குறிகட்டுவான் இறங்குதுறை, அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. எங்கள் பக்கத்து நகரங்களில் கடை வைத்திருந்த தீவுப்பகுதி முதலாளிமாரை வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் ஊர்தான் இது.

மலையில் பழகிய கைக்கு அந்தத் தாம்போதி லேசாகத் தெரியும். ஏற்றமில்லை, வளைவில்லை. அதுதான் ஆபத்து. ஒடுங்கிய பாதை, இரண்டு பக்கமும் கடல், பக்கக் காற்று வேறு. எதிரே பஸ் வந்தால் பாரம் ஏற்றிய லொறி ஓரத்துக்குப் போகக்கூடாது. கரை இளகியிருக்கும். முன்கூட்டியே நிறுத்தி வழிவிட வேண்டும். யார் முதலில் போவது என்று அங்கே வீம்பு பிடிப்பவன் சாரதியே இல்லை.

அங்கே போய் வந்த பிள்ளைகள் சொன்னதில் எங்கள் மனதில் தங்கியது தண்ணீர்க் கதைதான். எங்கள் பக்கம் வளைவுக்கு ஒரு பீலி. லொறியை நிறுத்தினோமா, வாளியை எடுத்தோமா, கழுவினோமா என்று போய்விடலாம். தீவில் நல்ல தண்ணிக் கிணறு தேடித்தான் பார்க்க வேண்டும், நிறையக் கிணறுகள் உவர். குடிதண்ணீரை பவுசரில் கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. இது தெரியாமல் ஒரு தம்பி, இறக்கிய கையோடு ஒரு வளவுக் கிணற்றில் அள்ளி லொறியைக் கழுவத் தொடங்கிவிட்டான். வீட்டு அம்மா வந்து, "தம்பி, உந்தத் தண்ணியைத்தான் நாங்கள் குடிக்கிறது" என்றாராம். ஏசவில்லை. இரண்டு வாளிக்குப் பிறகு அவன் சோப்பு நுரையோடு லொறியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். கோடையில் ஒரு குடத்துக்காக நிரையில் நின்ற எங்கள் லயத்து அம்மாமாருக்கு அந்த அம்மாவின் மனது விளங்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் குடிக்க இரண்டு கலன் தண்ணி இங்கிருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள். லொறியைத் திரும்பி வந்து கழுவலாம்.

பேச்சு வழக்கும் வேறு. நாங்கள் "அண்ணே" என்பது அங்கே "அண்ணை". "ஐயா, அம்மா" என்று மரியாதையாகக் கேட்டால் வழி சொல்லாத ஊர் கிடையாது. கோயிலடியில் நிறுத்த வேண்டியிருந்தால் எஞ்சினை நிறுத்திப் பாட்டையும் நிறுத்துங்கள். வீதியை மறிக்காமல் நில்லுங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரம் பிள்ளைகள் நடந்து வரும்போது பக்கத்தில் மெதுவாக ஓட்டிப் பேச்சுக் கொடுப்பதோ, "ஏறுங்கோ, இறக்கி விடுறோம்" என்பதோ கூடவே கூடாது. 2015ஆம் ஆண்டு ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை அந்தத் தீவு மறக்கவில்லை. தெரியாத லொறி ஒன்று நின்றால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். கோபப்படாமல் பெயர், ஊர், யாருக்கு சாமான் என்று சொல்லுங்கள். தங்கள் பிள்ளைகளைக் காக்கிறவர்கள் கேட்கும் கேள்வி அது.

எங்கள் ஆட்களைத் "தோட்டக்காட்டான்" என்று சொல்லும் வாய்கள் இன்னும் முற்றாக மூடவில்லை என்பதும் தெரிந்த கதைதான். அந்த வாய்க்குப் பயந்து நல்லாக உடுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவன் கோட்டுப் போட்டாலும் சொல்வான். ஆனால் கைகலப்புக்குப் போனால் லொறியும் சாமானும் நடுரோட்டில் நிற்கும், லைசனும் போகும். கேட்காத மாதிரி ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். முதலாளியிடம் பிறகு விவரமாகச் சொல்லலாம்.

கடைசியாக, கடதாசிகள். சாரதி அனுமதிப்பத்திரத்தில் நீங்கள் ஓட்டும் லொறியின் வகை இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன வாகனத்துக்கு எடுத்த லைசனில் பார லொறி ஓட்டக்கூடாது. மருத்துவச் சான்றிதழை தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் எடுக்க வேண்டும். கண்பார்வைக் குறையை மறைத்துப் போகாதீர்கள், கண்ணாடி போட்டு ஓட்டலாம். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். மழை நாளில் பொலிஸ் மறித்தால் நனைந்த கடதாசியைப் பிரித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ரன்னிங் சாட்டை அன்றன்றே, தூங்கப் போகுமுன் எழுதிவிடுங்கள். காலையில் அந்த லொறியை எடுப்பவர் வேறொருவராக இருக்கலாம். பிரேக்கில் ஏதும் வித்தியாசம் தெரிந்திருந்தால் அவருக்கு அதைப் பார்த்துத்தான் தெரியும்.