களத்துமேடு முதல் நியாய விலைக் கடை வரை: உணவு தானியச் சந்தையில் அரசின் பங்கு

பொருளாதாரத்தில் அரசின் பங்கு யாது என்னும் வினாவுக்கு நேர்மாறான இரு விடைகள் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றன. இன்றியமையாத வணிகம் அனைத்தையும் அரசே ஏற்று நடத்த வேண்டும் என்பது ஒன்று. அரசு விலகி நிற்பதே நலம், சந்தை தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் என்பது மற்றொன்று. உணவு தானியத் துறையில் விடுதலைக்குப் பிந்தைய இந்தியா பெரும்பாலும் பின்பற்றி வந்த வழி இவ்விரண்டிலும் அடங்காது. தனியார் வணிகத்தைத் தொடர அனுமதித்து, அதன் இரு முனைகளிலும் அரசு நிற்கிறது. உழவர் விற்குமிடத்தில் விலை ஓர் அளவுக்குக் கீழே சரியாமலும், ஏழை வாங்குமிடத்தில் எட்டாத உயரத்துக்கு ஏறாமலும் காப்பதே அதன் நோக்கம். இந்த ஏற்பாடு எவ்வாறு உருவாயிற்று, எங்கே தடுமாறிற்று, எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை ஆராய்வது, நியாயமான பொருளாதாரத்தை அமைப்பதில் அரசின் கடமை எத்தகையது என்பதைத் தெளிவாக்கும்.

விலையின் இரு முனைகள்

தானியச் சந்தைக்கு ஓர் இயல்பு உண்டு. அறுவடைக் காலத்தில் அனைவரும் ஒரே சமயத்தில் விற்கின்றனர். அதனால் விலை சரிகிறது. கடனை அடைக்கவும் அடுத்த பயிருக்கு விதை வாங்கவும் உடனடிப் பணம் தேவைப்படும் சிறு உழவரால் காத்திருக்க இயலாது. கிடங்கும் முதலும் உடைய வணிகரால் இயலும். சில மாதங்கள் கழித்து, வரத்துக் குறைந்த பருவத்தில் விலை ஏறுகிறது. அப்போது அதே சிறு உழவரும் நிலமற்ற தொழிலாளரும் வாங்குவோர் வரிசையில் நிற்கின்றனர். மலிவாக விற்று, விலையேற்றத்தில் வாங்குவது அவர்களுடைய நிலைமை.

இதில் எவருடைய தீய எண்ணமும் இருக்க வேண்டியதில்லை. காத்திருக்கும் ஆற்றல் சிலருக்கு இருப்பதும் பலருக்கு இல்லாததுமே இதன் காரணம். அந்த ஆற்றலைப் பலருக்காகவும் சேர்த்து அரசு ஏற்றுக்கொள்வதே கொள்முதல், சேமிப்பு, விநியோகம் என்னும் மூன்று பணிகளின் அடிப்படையாகும்.

வங்கம் கற்பித்த பாடம்

1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் மடிந்தோர் தொகை சுமார் 15 இலட்சம் என அரசு அமைத்த விசாரணைக் குழு மதிப்பிட்டது. பின்னர் ஆராய்ந்தோர் அதனினும் மிகுதியாகவே கணித்தனர். விளைச்சல் குறைவே பஞ்சத்தின் காரணம் என்னும் பொதுக் கருத்தை, 1981இல் வெளிவந்த தமது நூலில் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் மறுத்தார். 1943இல் வங்கத்தில் இருந்த உணவின் அளவு, பஞ்சம் ஏற்படாத 1941ஆம் ஆண்டின் அளவைவிடக் குறைவன்று என்பதை அவர் எடுத்துக்காட்டினார். போர்க்காலச் செலவினால் விலைகள் ஏறின. கிராமப்புறத் தொழிலாளர், மீனவர் ஆகியோரின் கூலியும் வருவாயும் உடன் ஏறவில்லை. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர் பலருக்குச் சலுகை விலையில் உணவு கிடைத்தது. நகரத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

நாட்டில் தானியம் இருப்பது வேறு, அதனைப் பெறும் ஆற்றல் மக்களிடம் இருப்பது வேறு என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். விளைச்சலைப் பெருக்குவதுடன் அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே ஆதாரம்.

நிறுவனங்களின் தோற்றம்

விடுதலைக்குப் பின் 1955இல் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் நிலையான கொள்முதல் அமைப்பு உருவாக மேலும் பத்தாண்டுகள் சென்றன. சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்த 1964ஆம் ஆண்டில், எல். கே. ஜா தலைமையிலான உணவு தானிய விலைக் குழு தன் பரிந்துரைகளை அளித்தது. அவற்றின்படி 1965இல் வேளாண் விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் நிறுவப்பட்டன. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது.

இவை தோன்றிய காலம் கடினமானது. 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கும் மேற்பட்ட தானியம் இறக்குமதி செய்யப்பட்டது. உயர்விளைச்சல் விதை, பாசனம், உரம் ஆகியவற்றுடன், விளைந்ததை இன்ன விலைக்கு அரசு வாங்கிக்கொள்ளும் என்னும் உறுதியும் சேர்ந்ததனாலேயே பஞ்சாப், ஹரியானா உழவர்கள் புதிய சாகுபடியில் துணிந்து முதலிட்டனர். விலை உறுதி இன்றேல் விளைச்சல் மிகுதியே உழவருக்கு நட்டமாக முடிந்திருக்கும். இவ்வாறு வாங்கப்பட்ட தானியம் நியாய விலைக் கடைகளின் வழியே நுகர்வோரைச் சென்றடைந்தது. வாங்கி, காத்து, கொண்டுசேர்க்க ஆகும் செலவுக்கும் விற்பனை விலைக்கும் இடையிலான வேறுபாடே உணவு மானியம் ஆகும்.

நிறைந்த கிடங்குகளும் பசித்த வயிறுகளும்

1997 ஜூனில் பொது விநியோக முறை மாற்றியமைக்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர், மேல் உள்ளோர் எனக் குடும்பங்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. மானியம் தேவையானவர்க்கே செல்ல வேண்டும் என்னும் நோக்கம் குறைகூறத் தக்கதன்று. ஆனால், ஏழை யார் என்பதை அலுவலகத்தில் வரையும் பட்டியலால் பிழையின்றிக் கண்டறிவது மிகவும் அரிது. நிலையான மாத வருவாய் இல்லாத நாட்டுப்புறத்தில் நோயோ வறட்சியோ ஒரு குடும்பத்தை ஓராண்டிலேயே கோட்டுக்குக் கீழே தள்ளிவிடும். பட்டியலோ பல ஆண்டுகள் மாறாமல் இருக்கும். அதனால் தகுதியுடையோர் பலர் விடுபட்டனர். அனைவருக்குமான முறையைக் கைவிடாத தமிழ்நாடு இதில் வேறுபட்ட வழியில் சென்றது.

கோட்டுக்கு மேல் உள்ளோருக்கான விலை 2000ஆம் ஆண்டில் கொள்முதல், பராமரிப்புச் செலவு முழுவதையும் ஈடுசெய்யும் அளவுக்கு உயர்த்தப்பட்டது. அவர்கள் கடைகளுக்கு வருவதை நிறுத்தினர். கொள்முதல் தொடர்ந்தது, விற்பனை சரிந்தது. 2002இன் நடுப்பகுதியில் அரசின் தானிய இருப்பு 6 கோடி டன்னைத் தாண்டியது. அதே ஆண்டுகளில் பல மாநிலங்கள் கடும் வறட்சியில் வாடின. இந்த முரண்பாட்டை முன்வைத்து 2001 ஏப்ரலில் மக்கள் குடிமை உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தது. அவ்வாண்டு நவம்பர் 28இல் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, உணவுத் திட்டங்களின் பயன்களைச் சட்ட உரிமைகளாக மாற்றியது. அதுவரை அரசின் கொடையாகக் கருதப்பட்டது குடிமகனின் உரிமையாயிற்று.

சத்தீஸ்கரின் சீர்திருத்தம்

உரிமை என அறிவிப்பதால் மட்டும் அரிசி வீட்டுக்கு வந்துவிடாது. அறிவிப்புக்கும் அடுப்புக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைத்த மாநிலங்களுள் சத்தீஸ்கர் குறிப்பிடத்தக்கது. 2000 நவம்பரில் உருவான இம்மாநிலத்தில் தொடக்கத்தில் நியாய விலைக் கடைகள் தனியாரிடம் இருந்தன. தானியம் கள்ளச் சந்தைக்குச் செல்வதாகப் புகார்கள் மிகுந்தன.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 300 அட்டைகள் உள்ள கடை ஒன்று அட்டைக்கு 35 கிலோ வீதம் மாதம் 105 குவிண்டால் வழங்குவதாகக் கொள்வோம். குவிண்டாலுக்கு 8 ரூபாய் கமிஷன் எனில் கடைக்காரரின் மாத வருவாய் 840 ரூபாய். வெளிச்சந்தை விலை கிலோவுக்கு 5 ரூபாய் மிகுதியாக இருந்தால், இரண்டே குவிண்டாலைத் திருப்பி விற்றால் 1,000 ரூபாய் கிடைக்கும். நேர்மையாக நடத்தினால் நட்டமும், தவறினால் இலாபமும் தரும் வகையில் அமைந்த தொழிலில் ஒழுக்கத்தை மட்டும் எதிர்பார்ப்பது பயன் தராது.

2004இல் மாநில அரசு புதிய கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. கடைகள் தனியாரிடமிருந்து எடுக்கப்பட்டு, கிராம ஊராட்சிகள், கூட்டுறவுச் சங்கங்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள் போன்ற பொது அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. கமிஷன் குவிண்டாலுக்கு 8 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முன்சொன்ன கடையின் வருவாய் இதன்படி 3,150 ரூபாயாகும். கடையின் முதலீட்டுக்கென 75,000 ரூபாய் வட்டியில்லாக் கடனாக அளிக்கப்பட்டது. கடைக்காரர் கிடங்குக்குச் சென்று மூட்டைகளை ஏற்றிவரும் வழக்கம் நீக்கப்பட்டு, அரசு லாரிகளே கடைவாயில் வரை தானியத்தைக் கொண்டுவந்து இறக்கின. லாரிகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசப்பட்டது. வழியில் வேறிடத்தில் நின்றால் எவரும் அடையாளம் காண முடியும். மாதத் தொடக்கத்தில் குறித்த நாளில் ஊரார் முன்னிலையில் அரிசி வழங்கும் முறையும் ஏற்பட்டது.

2007இல் மாநில அரசு தன் செலவில் பயனாளிகளின் எண்ணிக்கையை விரிவாக்கியது. இதுவும் முக்கியமானதாகும். ஊரில் சிலர் மட்டுமே அட்டை வைத்திருந்தால் அவர்களுடைய முறையீடு எடுபடுவதில்லை. பெரும்பாலோர் ஒரே கடையை நம்பியிருக்கும்போது, கடை திறவாத நாள் ஊர்ப் பிரச்சினையாகிறது. உழவர்களிடமிருந்து நெல்லைத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் வாங்கும் முறை கணினிமயமானது. இதனால் கொள்முதலும் விநியோகமும் ஒரே சங்கிலியின் இரு முனைகளாக இணைந்தன.

இதன் விளைவு கணக்கிலும் தெரிந்தது. கிடங்குகளிலிருந்து எடுக்கப்பட்ட தானியத்தையும், தேசிய மாதிரி ஆய்வில் குடும்பங்கள் பெற்றதாகக் கூறிய அளவையும் ஒப்பிட்டு இடைக் கசிவை மதிப்பிடுவது ஆய்வாளர் வழக்கம். பொருளியல் ஆய்வாளர் ரீதிகா கேரா இவ்வாறு செய்த மதிப்பீட்டின்படி, 2004-05இல் சத்தீஸ்கரில் ஏறத்தாழப் பாதியாக இருந்த கசிவு, 2009-10இல் சுமார் 10 சதவீதமாகக் குறைந்தது. 2012 டிசம்பரில் மாநிலம் தனக்கென உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. எனினும் வெற்றி பெற்ற அமைப்புக்கும் கண்காணிப்புத் தேவை. 2015 பிப்ரவரியில் மாநிலக் குடிமைப்பொருள் கழக அலுவலகங்களில் ஊழல் தடுப்புப் பிரிவினர் சோதனை நடத்த நேர்ந்தது இதனை நினைவூட்டுகிறது.

தேசியச் சட்டம்

2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமப்புற மக்களில் 75 சதவீதம் வரையிலும், நகர்ப்புற மக்களில் 50 சதவீதம் வரையிலும் இதன் வரம்புக்குள் வருகின்றனர். ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியமும், மிக வறிய அந்தியோதயா குடும்பங்களுக்கு மாதம் 35 கிலோவும் வழங்க இச்சட்டம் வகைசெய்கிறது. குடும்ப அட்டையில் 18 வயது நிறைந்த மூத்த பெண்ணே குடும்பத் தலைவியாகக் குறிக்கப்படுகிறார். கிலோவுக்கு அரிசி 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய், சிறுதானியம் 1 ரூபாய் என முதலில் விலை விதிக்கப்பட்டிருந்தது. 2023 ஜனவரி முதல் தானியம் விலையின்றி வழங்கப்படுகிறது. கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் முதல் 2022 டிசம்பர் வரையான காலத்தின் பெரும்பகுதியில், கூடுதலாக 5 கிலோ இலவசமாக அளிக்கப்பட்டது. நிறைந்த கிடங்குகளும் ஊர்தோறும் கடைகளும் முன்னரே இல்லாதிருப்பின் அது இயன்றிராது. ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளர் எந்த மாநிலத்திலும் தம் பங்கைப் பெறும் ஏற்பாடு 2019இல் சில மாநிலங்களில் தொடங்கி 2022இல் நாடு முழுவதும் பரவியது.

எஞ்சியுள்ள பணிகள்

இம்முறையில் தீர்க்கப்படாத சிக்கல்கள் சில உள்ளன. முதலாவது, ஆதரவு விலையின் பயன் சமமாகப் பரவவில்லை. உழவர்களில் சுமார் 6 சதவீதத்தினரே அரசு முகமைகளுக்கு ஆதரவு விலையில் விற்க முடிந்தது என 2015இல் சாந்த குமார் குழு சுட்டிக்காட்டியது. இரண்டாவது, கொள்முதல் நெல், கோதுமை ஆகியவற்றிலேயே பெரிதும் குவிந்துள்ளது. இதனால் பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆழத்துக்குச் சென்றது. பருப்பும் சிறுதானியமும் ஏழையின் தட்டில் குறைந்தன. வயிறு நிறைவது வேறு, ஊட்டம் பெறுவது வேறு. மூன்றாவது, கைரேகைப் பதிவு முறை போலி அட்டைகளைத் தடுக்க உதவினாலும், உழைத்துத் தேய்ந்த விரல்களையும் முதியோரின் விரல்களையும் இயந்திரம் ஏற்காத நேரங்களில் உரியவரே திருப்பி அனுப்பப்படும் நிலை ஏற்படுகிறது. இத்தகையோருக்கு மாற்று வழியில் தானியம் வழங்குவது கடை அலுவலரின் சலுகையாக அல்லாமல் கடமையாக இருத்தல் வேண்டும். நான்காவது, பயனாளிகளின் எண்ணிக்கை 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் அடிப்படையில் வகுக்கப்பட்டது. அதன் பின் பெருகிய மக்களுக்கும் இடம் கிடைக்க, அந்த அடிப்படை புதுப்பிக்கப்படுதல் அவசியமாகும்.

முடிவுரை

இந்த அரை நூற்றாண்டு அனுபவம் அரசின் பங்கு குறித்துச் சில தெளிவான முடிவுகளைத் தருகிறது. வலியவர் மட்டுமே காத்திருக்கக் கூடிய சந்தையில், எளியவர் சார்பில் அரசு காத்திருக்க வேண்டும். அதன் உதவி சட்டத்தால் உறுதி செய்யப்பட்ட உரிமையாக அமைய வேண்டும். அவ்வுரிமையை நிறைவேற்றும் கடைசி ஊழியர் நேர்மையாக நடந்தும் வாழ முடியும்படி ஏற்பாடு இருத்தல் வேண்டும். அவருடைய பதிவேட்டை ஊரார் பார்க்க இயல வேண்டும். திட்டத்தின் தரத்தைத் தலைநகரின் அறிக்கையைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. மாத முதல் வாரத்தில் கடை திறந்திருந்ததா, எடை சரியாக இருந்ததா, வந்தவர் வெறுங்கையுடன் திரும்பாதிருந்தாரா என்பவையே அதற்குரிய அளவுகோல்களாகும்.