பல நிலையங்களுடைய சமூக வலை

திருவனந்தபுரம் ஆரியசாலையிலிருந்து ஒருவர் கொழும்புக்குக் கடிதம் எழுதுகிறார். இந்தியத் தபால் இலாகா வேறு. இலங்கைத் தபால் இலாகா வேறு. ஒன்றின்மீது மற்றொன்றுக்கு அதிகாரம் கிடையாது. எனினும், 1874-இல் பெர்ன் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின் வழிவந்த பொது விதிகளால் கடிதம் போய்ச் சேருகிறது.

சமூக வலைத்தளங்களில் பெரும்பாலானவை இவ்விதம் அமைந்தவையல்ல. இந்தியாவில் பலர் பழகிய ஆர்குட், கூகுள் நிறுவனம் ஒன்றற்கே உடைமை. 2014 செப்டம்பர் 30-இல் அந்நிறுவனம் அதனை மூடவே, அங்கிருந்த குழுக்கள் கலைந்தன.

தபால் முறையை ஒத்தது மாஸ்டடான். ஜெர்மனியில் யூஜென் ரோக்கோ என்பவர் 2016-இல் இதனை வெளியிட்டார். இதில் சர்வர் எனப்படும் கணினி நிலையங்கள் பல. அவற்றை நடத்துவோரும் பலர். உறுப்பினரின் முகவரியில் அவர் பெயரோடு நிலையத்தின் பெயரும் சேர்ந்தே வரும். ஆக்டிவிட்டிபப் என்னும் பொது விதித்தொகுதி நிலையங்களை இணைக்கின்றது. 2019 நவம்பரில், வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதையொட்டி, இந்தியர் பலர் இங்குக் குடிபெயர்ந்தனர்.

குறையும் உண்டு, அது சிறிதன்று. நிலையம் மாறுபவர் தம்மைப் பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்லலாம். எழுதிய பதிவுகளோ பழைய நிலையத்திலேயே தங்கிவிடும். முன்னறிவிப்பின்றி நிலையம் மூடப்படுமாயின் பின்தொடர்வோரையும் அழைத்துச் செல்ல இயலாது. நன்கொடையை நம்பி நடைபெறும் நிலையங்கள் பல. ஆதலின், ஆரியசாலைப் பள்ளியொன்றின் பெயரால் கணக்குத் தொடங்கும் ஆசிரியர், நிலையத்தை நடத்துபவர் யார், செலவை ஏற்பவர் யார் என்று முதலில் விசாரித்தல் நன்று. பதிவுகளின் நகலை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி, கணக்கின் அமைப்புப் பகுதியிலேயே உள்ளது.