எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு

கேள்வி: 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்பது நாடக வசனம் போல இருக்கிறதே! 'ஐ லவ் யூ'வுக்கு இயல்பான தமிழே கிடையாதா?
– வாசகி, சேலையூர்

பதில்: இருக்கிறதே, 'எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு'! எவ்வளவு அழகான வாக்கியம், கவனித்தீர்களா? அதில் 'நான்' இல்லை, 'எனக்கு'தான். காதல் நாம் செய்கிற வேலை இல்லை, நமக்கு நேர்வது. மலையாளத்தின் 'எனிக்கு நின்னெ இஷ்டமாணு'வும் இதே கட்டுமானம்தான். கடல் தாண்டி, ஸ்பானிய மொழியின் 'மே குஸ்தாஸ்' கூட 'எனக்கு' என்றே தொடங்குகிறது.

அசாமிய மொழியில் 'மொய் துமாக் பால் பாவ்' என்பார்கள். 'பால்' என்றால் நல்லது. வங்காளத்தின் 'பாலோபாஷி'யிலும் அந்த 'நல்லது' உண்டு. நேசிப்பவரிடம் நன்மையைக் காண்பதே காதல் என்று அந்த மொழிகள் நினைக்கின்றன போலும்.

தாம்பரம் ஸ்டேஷனில் இவற்றில் பல மொழிகள் காதில் விழும். அசாமின் சில்காட்டுக்குப் போகும் நாகோன் எக்ஸ்பிரஸ் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒருமுறை, பிளாட்பாரத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர், போனைக் கையால் பொத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் யாரிடமோ கேட்டார்: "பாத் காலா?"

சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம்.